பாறைக்கு யார் சொந்த ஊர்க்காரர்?

கர்நாடகத்தின் சித்ரதுர்கா கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு கதைகளோடு வீடு திரும்புவார்கள்.

முதல் கதை 18-ம் நூற்றாண்டில் நடந்தது. ஹைதர் அலியின் படை கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. பாறைகளுக்கு இடையே ஓர் ஆள் மட்டும் குனிந்து நுழையக்கூடிய சிறிய சந்து ஒன்று இருந்தது. காவல்காரர் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, எதிரிகள் அந்தச் சந்து வழியாக ஒவ்வொருவராகத் தலையை நீட்டினார்கள். அதைக் கவனித்துவிட்ட காவல்காரரின் மனைவி ஓபவ்வா, உலக்கையை எடுத்துக்கொண்டு சந்தின் இந்தப் பக்கம் நின்றுகொண்டார். நீண்ட தலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. 'ஒனகெ ஓபவ்வா', அதாவது உலக்கை ஓபவ்வா என்று அவரைக் கன்னடர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். வெளியாளை உள்ளே விடாத வீரத்தின் கதை அது.

இரண்டாவது கதை இந்தக் காலத்துக் கதை. அதே கோட்டையின் செங்குத்தான சுவரில் ஒருவர் கயிறு எதுவும் கட்டாமல் வெறும் கையால் விறுவிறுவென்று ஏறுவார். பாதியில் நின்று தலைகீழாகத் தொங்குவார். கீழே நிற்கும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். அவர் பெயர் ஜோதி ராஜ். ஊரார் வைத்த பெயர் 'கோத்தி ராஜ்'. கன்னடத்தில் கோத்தி என்றால் குரங்கு. கோட்டையில் குரங்குகள் ஏறுவதைப் பார்த்துப் பார்த்தே ஏறக் கற்றுக்கொண்டவர் என்பதால் அந்தப் பெயர்.

சித்ரதுர்காவின் அடையாளமாகிவிட்ட இந்த மனிதர் பிறந்தது கர்நாடகத்தில் அல்ல, தமிழ்நாட்டில். கட்டட வேலை பார்த்துப் பிழைத்தவர். ஆனால், 'அவர் எந்த ஊர்க்காரர்?' என்று கேட்டால் சித்ரதுர்காக்காரர்கள் யோசிக்காமல் சொல்வார்கள், 'எங்க ஊர்க்காரர்' என்று.

வெளியாளைத் தடுத்த பாறைக்குப் பெயர்போன ஊர், வெளியூரில் பிறந்தவரை அதே பாறையால் தன்னுடையவராக ஆக்கிக்கொண்டது எப்படி? பிறப்பா, பழக்கமா, திறமையா... ஒருவரை ஒரு பாறைக்குச் சொந்தக்காரராக்குவது எது? உலகில் பாறையேற்றம் நடக்கும் எல்லா இடங்களிலும் இந்தக் கேள்வி உண்டு. சில இடங்களில் அது சிரிப்போடு முடியும். சில இடங்களில் போலீஸ் வரை போகும்.

ஒரு துளை... ஓராயிரம் சண்டை!

சண்டை எதற்கு என்று புரிய, ஒரு சின்ன விஷயத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

பாறையேற்றத்தில் கயிறு என்பது ஏறுவதற்கு அல்ல, விழுந்தால் தாங்குவதற்கு. அந்தக் கயிற்றை எங்கே மாட்டுவது? ஒரு வழி, பாறையில் துளை போட்டு இரும்பு போல்ட் அடித்துவிடுவது. அடுத்து வருபவர்களும் அதிலேயே கயிற்றை மாட்டிக்கொள்ளலாம். இன்னொரு வழி, இயற்கையாக இருக்கும் விரிசல்களில் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளைச் செருகிக் கயிற்றை மாட்டுவது. பின்னால் வருபவர் அவற்றைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார். பாறையில் தடம் இருக்காது.

முதல் வழி பாதுகாப்பானது. ஆனால் துளை நிரந்தரம். இரண்டாவது வழியில் பாறைக்குச் சேதம் குறைவு, மனிதனுக்கு ஆபத்து அதிகம். இதில் எது சரி? 'எங்கள் ஊரில் எது வழக்கமோ அதுதான் சரி' என்பதே ஒவ்வோர் ஊரின் பதில்.

எவ்வளவு கடினமான பாறை என்று அளக்கும் அளவுகோல்கூட ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்காவில் 5-க்குப் பின் ஒரு புள்ளி வைத்து அளப்பார்கள். பிரான்ஸில் எண்ணும் எழுத்தும் சேர்ந்து வரும். ஜெர்மனியின் சாக்சனியில் ரோமானிய எண்கள். உள்ளூர்க்காரர் 'சும்மா ஏறுங்க, சுலபம்தான்' என்று சொன்னால் நம்பி ஏறக்கூடாது என்பது எல்லா நாட்டு வெளியூர்க்காரர்களும் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். அவருக்கு அது பழகிய படிக்கட்டு. புதியவருக்கு அது செங்குத்துச் சுவர்!

முடிச்சுப் போடத் தெரிந்தால்தான் உள்ளே அனுமதி

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்கு அருகில், எல்பே ஆற்றின் கரையோரம் மணற்கல் தூண்கள் காடு போல நிற்கின்றன. தனித்தனியாக நிற்கும் தூண்கள் மட்டும் சுமார் 1,100 இருக்கும். 1864-ம் ஆண்டு பாட் ஷண்டாவ் என்ற சிற்றூரின் உடற்பயிற்சிக் குழுவினர் சிலர் இங்குள்ள ஃபால்கன்ஸ்டைன் என்ற தூணின் உச்சியைத் தொட்டார்கள். இந்தப் பகுதியின் பாறையேற்ற வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

இன்று ஒரு வெளிநாட்டவர் பை நிறைய நவீன கருவிகளோடு அங்கே போய் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவர் செய்ய வேண்டியது, அந்தக் கருவிகளில் பாதியைக் காரிலேயே வைத்துவிடுவது!

விரிசலில் செருகும் உலோகத் துண்டுகளுக்குத் தடை. கை வியர்வையை உறிஞ்ச மற்ற ஊர்களில் எல்லோரும் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பவுடருக்குத் தடை. மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் ஏறவே தடை. அப்படியென்றால் கயிற்றை எதில் மாட்டுவது? நாடாக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை விரிசலுக்குள் திணிக்க வேண்டும். எந்த விரிசலுக்கு எந்த முடிச்சு, அதை எப்படித் திணித்தால் இறுகும் என்பது கைப்பழக்கத்தில் மட்டுமே வரும் வித்தை. இரும்பு வளையங்களும் உண்டுதான். ஆனால், ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையே வயிற்றைக் கலக்கும் தூரம். அந்த வளையத்தையும் கீழிருந்து ஏறிப்போய்தான் அடிக்க வேண்டும். மேலிருந்து கயிற்றில் இறங்கி வந்து சௌகரியமாக அடிக்கக் கூடாது.

இதில் சுவாரஸ்யமான அனுமதியும் ஒன்று உண்டு. கைக்கு எட்டாத இடம் வந்தால், கூட வந்தவர் தோளில் ஏறி நின்று தாண்டலாம். நம் ஊர் உறியடித் திருவிழா போல ஒருவர் மேல் ஒருவர் நின்று கோபுரம் கட்டி ஏறும் பாறைகள் அங்கே இருக்கின்றன. இயந்திரத்தின் உதவி கூடாது, மனிதனின் உதவி கூடும்!

பார்க்கப் பிடிவாதம் போலத் தெரிந்தாலும், இவற்றில் பலவற்றுக்குக் காரணம் அந்தக் கல்தான். மணற்கல் மென்மையானது. உலோகத்தைச் செருகி இழுத்தால் விரிசலின் விளிம்பு உடையும். ஈரமானால் கல்லின் பலமே குறைந்துவிடும். கைப்பிடி ஒன்று உடைந்துபோனால் அது அடுத்த தலைமுறைக்குக் கிடைக்காது. இதை யோசித்து, ருடால்ஃப் ஃபேர்மன் என்ற வழக்கறிஞர் 1913-ல் விதிகளை எழுதி வைத்தார். உலகில் பாறையேற்றத்துக்காக எழுதப்பட்ட மிகப் பழைய விதிகளில் ஒன்று அது. அதன் அடிப்படை நூறாண்டு கடந்தும் மாறவில்லை. பெர்ன்ட் ஆர்னால்ட் போன்ற அந்த மண்ணின் ஜாம்பவான்கள் அங்கே வெறுங்காலோடு ஏறியே உலகப் புகழ் பெற்றார்கள்.

ஒவ்வொரு தூணின் உச்சியிலும் ஒரு பெட்டி இருக்கும். உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம். ஏறியவர் அதில் பெயர் எழுதிவிட்டு இறங்க வேண்டும். அந்த நோட்டில் எந்த ஊர்க்காரரும் கையெழுத்துப் போடலாம். டிரெஸ்டனிலேயே பிறந்தவர் பவுடர் பூசி ஏறினால் முகம் சுளிப்பார்கள். எங்கிருந்தோ வந்தவர் பொறுமையாக முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டால் தோளில் ஏற்றிக்கொள்வார்கள். அந்த ஊரில் சொந்தக்காரராவதற்குப் பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை. பாறையிடம் பணிவு தேவை.

அந்தப் பணிவைக் கற்று வளர்ந்தவர்களில் ஒருவர், 1900-ல் டிரெஸ்டனில் பிறந்த ஃப்ரிட்ஸ் வீஸ்னர். 1929-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 1935-ல் நியூயார்க் நகரத்துக்கு வடக்கே ஷவாங்கங்க் என்ற நீண்ட பாறை வரிசையைப் பார்த்து ஏறத் தொடங்கினார். இன்று அமெரிக்காவின் புகழ்பெற்ற பாறையேற்றத் தலங்களில் ஒன்று அது. அங்குள்ளவர்கள் தங்கள் பாறையின் முன்னோடி என்று சொல்வது அந்த ஜெர்மானியரைத்தான்! வீஸ்னர் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வருவார், கொஞ்சம் சங்கடமான ஓர் இடத்தில்.

ஏழு நாள் தங்கலாம்... சொந்தமும் கொண்டாடலாம்!

கலிஃபோர்னியாவின் யோசமிட்டி பள்ளத்தாக்கில், எல் கேப்பிடன் என்ற ஒற்றைப் பாறை தரையிலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அதன் அருகே 'கேம்ப் 4' என்ற கூடார முகாம். உலகப் பாறையேறிகளுக்கு அது ஒரு புண்ணியத்தலம்.

அங்கே ஒரு வேடிக்கை. கூட்டம் அதிகமுள்ள கோடைப் பருவத்தில் யாரும் ஏழு நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது என்பது பூங்காவின் விதி. ஆக, ஏறவருபவர்கள் எல்லோருமே விருந்தாளிகள். ஆனாலும் 'இது எங்கள் இடம்' என்ற உணர்வு அங்கே இருந்த அளவுக்கு வேறெங்கும் இருந்ததில்லை. அந்தப் பாறைகளில் ஏறுவதற்கான இரும்பு முளைகளைத் தானே அடித்துக் கொடுத்த முன்னோடி ஜான் சலாத்தே, சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கொல்லர். பிழைக்க வந்தவர், படிப்பை விட்டு வந்தவர், வேலையை விட்டு வந்தவர் என்று எல்லோரும் வந்தேறிகள்தான்.

1958-ல் வாரன் ஹார்டிங் என்பவரின் குழு எல் கேப்பிடனை முதல்முறையாக ஏறி முடித்தது. ஒன்றரை ஆண்டில் அவ்வப்போது பாறையில் கழித்த நாட்கள் 45. எல் கேப்பிடனின் செங்குத்துச் சுவரான டான் வால் மீது அவரும் டீன் கால்டுவெல்லும் 1970-ல் 27 நாட்கள் தொடர்ந்து தொங்கி ஏறினார்கள். அதற்காக முந்நூறுக்கும் அதிகமான துளைகள் போட்டிருந்தார்கள். ஹார்டிங்கின் போட்டியாளர் ராயல் ராபின்ஸால் அதைப் பொறுக்க முடியவில்லை. 'பாறையை இவ்வளவு துளைத்தால் யார் வேண்டுமானாலும் ஏறலாமே' என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே அதே வழியில் ஏறி, போல்ட்டுகளை வெட்டி எறியத் தொடங்கினார்.

கொஞ்ச உயரம் போனதும் ராபின்ஸ் ஒரு விஷயத்தைக் கவனித்தார். துளைகளுக்கு இடையே ஹார்டிங் ஏறியிருந்த விதம், அவர் நினைத்ததைவிடக் கடினமானது, தரமானது. வெட்டுவதை நிறுத்தினார். மீதி வழியை அப்படியே விட்டுவிட்டு ஏறி முடித்தார். எதிராளி போட்ட வழியை நேரில் ஏறிப் பார்த்ததால் வந்த மரியாதை அது.

1993-ல் ஹார்டிங்கின் பழைய வழியான 'தி நோஸ்' முழுவதையும், கருவியில் தொங்காமல் கை கால்களை மட்டுமே நம்பி முதன்முதலில் ஏறியவர் ஒரு பெண், லின் ஹில். கயிறு இருந்தது, ஆனால் விழுந்தால் தாங்க மட்டும். கேம்ப் 4-ன் ஜாம்பவான்கள் என்று பேசப்பட்டவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். அவர்களில் யாருக்கும் அதுவரை முடியாததை அவர் முடித்துக்காட்டினார். 'இந்தப் பாறை யாருடையது?' என்ற கேள்விக்கு அதுவும் ஒரு பதில்தான்.

ஆனால், சாதனைகளைவிட யோசமிட்டியில் மதிப்பு வாய்ந்த இன்னொன்று இருக்கிறது. கேம்ப் 4-ல் மீட்புக் குழுவினருக்கென்று தனியாக ஓர் இடம் உண்டு. அங்கே தங்குபவர்கள், பாறையில் யாராவது சிக்கிக்கொண்டால் நள்ளிரவிலும் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஏழு நாள் விதி அவர்களுக்குப் பொருந்தாது. பாறையேறிகள் தொடங்கிவைத்த துப்புரவுப் பணியில் 2004-லிருந்து ஆண்டுதோறும் ஏராளமான தன்னார்வலர்கள் பள்ளத்தாக்கின் குப்பையைப் பொறுக்குகிறார்கள். 1997-ல் வெள்ளம் வந்தபின், கேம்ப் 4-ஐ ஒட்டிப் புதிய கட்டடங்கள் கட்டத் திட்டம் வந்தபோது, டாம் ஃப்ராஸ்ட் என்ற மூத்த பாறையேறியின் முயற்சியில் அந்த முகாம் காப்பாற்றப்பட்டது. 2003-ல் அது நாட்டின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. எந்த வழியில் ஏறினார் என்பதைவிட, யாருக்காக இறங்கிவந்தார் என்பதே ஒருவரை அங்கே ஊர்க்காரராக்குகிறது.

முதலில் ஏறியது ஒரு புழு!

இவ்வளவும் சரி. ஆனால், யோசமிட்டி கதையை இங்கேயே முடித்துவிட்டால் அது பாதிக் கதை.

அந்தப் பள்ளத்தாக்கில் பூர்வகுடிகளான மிவோக் மக்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஆற்றில் குளித்த இரண்டு சிறுவர்கள் ஒரு பாறைமேல் படுத்துத் தூங்கிவிட்டார்கள். தூங்கத் தூங்கப் பாறை வளர்ந்து வானத்தைத் தொட்டது. அவர்களைக் காப்பாற்ற எலி தாவிப் பார்த்தது, கரடி தாவிப் பார்த்தது, மலைச்சிங்கம் தாவிப் பார்த்தது. எல்லாம் விழுந்தன. கடைசியில், உடம்பை வளைத்து வளைத்து முழம் போடுவது போல ஊருமே ஒரு சின்னப் புழு... அது மெதுவாக ஊர்ந்து ஊர்ந்தே உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. டுடோகனுலா என்று அந்த மக்கள் அழைத்த பாறையைத்தான் உலகம் இன்று எல் கேப்பிடன் என்கிறது.

1851-ல் ஆயுதம் தாங்கிய படை ஒன்று பள்ளத்தாக்கில் நுழைந்து அந்த மக்களை விரட்டியது. பிறகு திரும்பி வந்து வாழ்ந்தவர்களின் கடைசிக் கிராமத்தையும் 1969-ல் பூங்கா நிர்வாகம் இடித்துத் தரைமட்டமாக்கியது. அந்தக் கிராமம் இருந்த இடம், கேம்ப் 4-க்கு மேற்கே கொஞ்ச தூரத்தில்தான்! ஹார்டிங்கும் ராபின்ஸும் 'யோசமிட்டி பாறைக்கு எது மரியாதை?' என்று மோதிக்கொண்டிருந்த அதே காலகட்டத்தில், அந்தப் பாறைக்குப் பெயர் வைத்தவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அந்த மக்களின் வழித்தோன்றல்கள் இன்று பூங்கா நிர்வாகத்தின் ஒப்புதலோடு அதே இடத்தில் தங்கள் கிராமத்தை மீண்டும் எழுப்ப முயன்றுவருகிறார்கள்.

போலீஸ் வந்த மலை

தென் அமெரிக்காவின் தெற்கு முனையை நோக்கி, அர்ஜென்டினாவின் படகோனியா பகுதியில் 3,128 மீட்டர் உயரத்தில் ஊசி போல நிற்கிறது செரோ டோரே. 1970-ல் இத்தாலியைச் சேர்ந்த சேசரே மேஸ்த்ரி, பெட்ரோலில் ஓடும் கம்ப்ரெஸர் இயந்திரத்தை அந்த மலைமேல் இழுத்துக்கொண்டுபோய், அதன் உதவியால் நூற்றுக்கணக்கான போல்ட்டுகளை அடித்தார். உச்சியிலிருந்த பனித்தொப்பியில் ஏறாமலேயே இறங்கிவிட்டார். கம்ப்ரெஸரை அங்கேயே தொங்கவிட்டுப் போனார். பல பத்தாண்டுகள் அது அந்தரத்தில் தொங்கியது. அந்த வழிக்கே 'கம்ப்ரெஸர் வழி' என்று பெயர் வந்தது.

'மலையைக் கெடுத்துவிட்டார்' என்று ஒரு சாரார் கொதித்தார்கள். ஆனால், ஆண்டுகள் போகப் போக அந்தப் போல்ட்டுகளே பலர் உச்சியை நெருங்குவதற்கான பாதையாகவும் ஆகிவிட்டன. 2007-ல் மலையடிவாரத்தில் உள்ள எல் சால்டன் ஊரில் மலையேறிகள் கூடிப் பேசினார்கள். பெரும்பாலானோர், 'இருப்பது இருக்கட்டும்' என்றார்கள்.

2012 ஜனவரியில் அமெரிக்காவின் ஹேடன் கென்னடி, கனடாவின் ஜேசன் க்ரூக் என்ற இரண்டு இளைஞர்கள், மேஸ்த்ரியின் போல்ட்டுகளைப் பெரும்பாலும் தொடாமலேயே உச்சிக்கு ஏறினார்கள். இறங்கும் வழியில் நூற்றுக்கும் அதிகமான போல்ட்டுகளைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது கோபம் காத்திருந்தது. அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குக் கூட்டம் திரண்டது. போலீஸ் அவர்களை அழைத்துப்போய், பிடுங்கிய போல்ட்டுகளையும் கைப்பற்றியது.

உள்ளூர்க்காரர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அடித்தது இத்தாலிக்காரர். பிடுங்கியது வட அமெரிக்கர்கள். மலை இருப்பது அர்ஜென்டினாவில். 'எங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?' என்பதே அவர்கள் கேள்வி. மறுபக்கமும் ஒரு நியாயம் இருந்தது. மேஸ்த்ரி யாரைக் கேட்டு அடித்தார்? மலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எப்படிக் குற்றமாகும்? அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற மலையேறியான ரோலாண்டோ காரிபொட்டியே இளைஞர்களின் பக்கம் நின்றார். ஆக, உள்ளூர்க் கருத்து என்று ஒற்றைக் கருத்து அங்கே இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது, எல் சால்டன் ஊரின் வயது. சிலி நாட்டுடனான எல்லைத் தகராறில் தன் உரிமையை நிலைநாட்ட, அர்ஜென்டினா 1985-ல் உருவாக்கிய ஊர் அது. மேஸ்த்ரி போல்ட் அடித்தபோது அந்த ஊரே இல்லை! போல்ட்டுகளைவிட வயதில் சின்ன ஊர், போல்ட்டுகளுக்காகத் தெருவில் இறங்கியது. அதைக் கேலியாகப் பார்க்கத் தேவையில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் போதும், ஒரு மலையை 'எங்க மலை' என்று நினைக்க.

சில நாட்களிலேயே இன்னொரு திருப்பம். நேபாளத் தந்தைக்கும் ஆஸ்திரியத் தாய்க்கும் பிறந்த டேவிட் லாமா, தன் நண்பரோடு வந்து அதே முகட்டின் வழியே, போல்ட்டைப் பிடித்துத் தொங்காமல் கை கால்களால் மட்டுமே ஏறிக்காட்டினார். மலைக்கு அந்த ஏணி தேவையே இல்லை என்பது நிரூபணமானது. ஆனால், 'யார் முடிவெடுக்க வேண்டும்?' என்ற கேள்விக்கு அந்த ஏற்றத்தாலும் பதில் சொல்ல முடியவில்லை.

ஜூன் மாதம் மட்டும் வேண்டாமே...

மீண்டும் ஃப்ரிட்ஸ் வீஸ்னர். ஷவாங்கங்க் பாறைகளைக் கண்டுகொண்ட இரண்டு ஆண்டுகளில், 1937 ஜூன் 28 அன்று, அவர் இரண்டு நண்பர்களோடு வயோமிங் மாநிலத்தின் டெவில்ஸ் டவர் மீது ஏறினார். சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் 264 மீட்டர் உயரப் பாறை அது. அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை நகத்தால் கீறியது போல நீளநீளமான கோடுகள். 1893-லேயே உள்ளூர்க்காரர்கள் விரிசலில் கட்டைகளை அடித்து ஏணி கட்டி ஏறியிருக்கிறார்கள். நவீன முறையில் முதலில் ஏறியவர் வீஸ்னர்தான். வழியில் ஒரே ஓர் இரும்பு முளையை அடித்தார். 'அதுகூடத் தேவையில்லாமல் இருந்தது' என்று பிறகு வருத்தப்பட்டார். டிரெஸ்டன் வளர்ப்பு அப்படி!

ஆனால், அந்தப் பாறையிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு டிரெஸ்டனில் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பூர்வகுடி இனங்களுக்கு அது புனிதத் தலம். லகோட்டா மக்களுக்கு அது 'மாட்டோ டிபிலா', கரடியின் இல்லம். கரடி துரத்திய ஏழு சிறுமிகளைக் காப்பாற்றப் பாறை வானத்துக்கு உயர்ந்ததாம். கரடி ஏற முயன்று கீறிய தடங்களே அந்தக் கோடுகளாம். மேலே போன சிறுமிகள் நட்சத்திரங்களாக நின்றுவிட்டார்கள் என்கிறது கயோவா மக்களின் கதை. எந்த நட்சத்திரங்கள்? ஒரு வடிவத்தின்படி, நாம் கார்த்திகைப் பெண்கள் என்று வணங்கும் அதே நட்சத்திரக் கூட்டம்!

ஜூன் மாதம் அங்கே முக்கியமான சடங்குகளின் காலம். கீழே மக்கள் விரதமிருந்து வழிபட்டுக்கொண்டிருக்கும்போது, மேலே கயிற்றில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? கோயில் திருவிழா நடக்கும்போது கோபுரத்தில் ஏறி ஒருவர் உடற்பயிற்சி செய்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

1995-ல் பூங்கா நிர்வாகம் எல்லாத் தரப்பையும் அழைத்துப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. ஜூன் மாதத்தில் ஏற வேண்டாம். ஆனால், இது சட்டம் அல்ல, வேண்டுகோள். விரும்பினால் கடைப்பிடிக்கலாம். அதையும் எதிர்த்துச் சிலர் நீதிமன்றம் போனார்கள். தாமாக விரும்பிக் கடைப்பிடிக்கும் ஏற்பாடு என்பதால் அது நிலைத்தது.

முதல் ஆண்டுகளில் ஜூன் மாதத்தில் ஏறுபவர்கள் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. பிறகு மெல்ல மெல்லக் கூடியது. வற்புறுத்தல் இல்லாத வேண்டுகோளின் பலமும் பலவீனமும் இதுதான். இன்றும் ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்தப் பாறையடியில் வந்து நிற்கும் ஒவ்வொருவரும், தானாகவே அந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. கயிற்றை அவிழ்ப்பதா, திரும்பக் காருக்குள் வைப்பதா? ஏறாமல் திரும்பிப் போகிறவரின் பெயர் எந்த நோட்டிலும் பதிவாவதில்லை.

பெயர் வைத்த ஊர்

சித்ரதுர்காவிலிருந்து வடக்கே போனால் ஹம்பி. துங்கபத்திரை ஆற்றின் இரு கரையிலும் யாரோ கொட்டிவைத்தது போல உருண்டைக் கருங்கற்கள். அமெரிக்க பாறையேறி கிறிஸ் ஷர்மா இங்கே ஏறிய காட்சிகள் 2000-களின் தொடக்கத்தில் படமாக வெளிவந்த பிறகு, பல நாடுகளிலிருந்தும் பாறையேறிகள் ஹம்பியைத் தேடி வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அது புதிதாகக் கண்டுபிடித்த விளையாட்டுக் களம். உள்ளூர் மக்களுக்கோ அது கிஷ்கிந்தை. அனுமன் பிறந்ததாக அவர்கள் நம்பும் மலை அங்கேதான் இருக்கிறது. அந்தப் பாறைகளின் முதல் பாறையேறிகள் வானரங்கள்!

யோசமிட்டியில் புழு, டெவில்ஸ் டவரில் கரடி, கிஷ்கிந்தையில் வானரம். எந்த ஊரை எடுத்தாலும், 'முதலில் ஏறியது நாங்கள்' என்று மனிதன் மார்தட்டுவதற்கு முன்பே, வேறு யாரோ ஏறியதாக அந்த ஊர்க் கதை சொல்கிறது. புதிதாக வருபவர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஏறுகிறாரா, கேட்காமலே ஏறுகிறாரா என்பதில்தான் உள்ளூர்க்காரர்களின் புன்னகையும் கோபமும் இருக்கிறது.

கோத்தி ராஜ் அந்த வகையில் கொடுத்துவைத்தவர். அவருக்குப் பாறையேற்றத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களே அந்தக் கோட்டையின் பழைய குடிமக்களான குரங்குகள்தான். கற்ற வித்தையை வேடிக்கை காட்ட மட்டும் அவர் பயன்படுத்தவில்லை. ஜோக் அருவியின் ஆழமான பள்ளத்தில் விழுந்து இறந்தவர்களின் உடல்களை மீட்கவும் இறங்கியிருக்கிறார். கேம்ப் 4-ன் மீட்புக் குழுவினர் செய்யும் அதே வேலை. எந்த முகாமும் எந்தப் பட்டியலும் இல்லாமல் செய்கிறார்.

ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் கன்னடத்தில் இருக்கிறது. பிறந்த ஊரின் மொழியில் அல்ல, ஏறிய ஊரின் மொழியில். ஓபவ்வா காவல் காத்த அதே கோட்டையில் இன்று குழந்தைகள் அண்ணாந்து பார்த்து, 'கோத்தி ராஜ்! கோத்தி ராஜ்!' என்று கூப்பிடுகிறார்கள். அவரும் மேலிருந்து திரும்பிப் பார்த்துக் கையசைக்கிறார்.